பணியும் பணிதலும்: ஸ்தே எலியாகு என்னும் கூட்டுழவர் ஊரின் வரலாறு

தமிழில் 'பணி' என்னும் சொல் இருபொருள் தருவது. செய்யும் தொழிலும் பணி. தலைதாழ்த்தி வணங்குதலும் பணிதல். எபிரேய மொழியிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. 'அவோதா' என்பது அச்சொல். வயலில் சிந்தும் வியர்வையையும் இறைவன் திருமுன் நிகழ்த்தும் வழிபாட்டையும் அம்மொழியினர் இந்த ஒரே சொல்லால் வழங்கி வந்துள்ளனர். ஆயினும் சொல்லில் ஒன்றாக நின்றவை வாழ்வில் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. ஐரோப்பாவின் பல நாடுகளில் யூதர்கள் நிலம் வைத்திருக்க நெடுங்காலம் உரிமை பெறாதிருந்தனர். வணிகமும் கைத்தொழிலும் அவர்தம் பிழைப்பாயின. மறைநூல் ஓதுதல் அவர்தம் வழிபாடாயிற்று. விதைப்பும் அறுப்பும் பற்றிய சட்டங்களை நுணுகி நுணுகிக் கற்றனர். ஆனால் விதைக்கவோ அறுக்கவோ அவர்களுக்கு நிலம் இல்லை.

பிரிந்த இவ்விரண்டையும் மீண்டும் இணைக்க முயன்றோர் உண்டு. அவர்கள் அமைத்த ஊர்களுள் ஒன்று யோர்தான் பள்ளத்தாக்கில் 1939ஆம் ஆண்டு தோன்றிய ஸ்தே எலியாகு. 'எலியாவின் வயல்' என்பது அப்பெயரின் பொருள். அவ்வூர் எழுந்த கதையையும், பழைய நூல் புதிய வயலில் எதிர்கொண்ட வினாக்களையும், அவற்றுள் விடை கண்டவை எவை, விடை காணாதது எது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்றாம் வழி

'கிப்புட்ஸ்' என்னும் எபிரேயச் சொல்லுக்குக் கூட்டம், ஒன்றுசேர்தல் என்று பொருள். நிலமும் கருவியும் கால்நடையும் அனைவர்க்கும் பொது. உழைப்பு அவரவர் ஆற்றலுக்கேற்ப. பெறுவது அவரவர் தேவைக்கேற்ப என்பது அதன் அடிப்படை. இத்தகைய ஊர்களுள் முதலாவதாகிய தெகானியா, கலிலேயா ஏரியின் தென்கரையில் 1910இல் அமைந்தது. அதனை அமைத்தோரும் அவரைப் பின்பற்றியோரும் பெரும்பாலும் சமயப் பற்றைத் துறந்தவர்கள். தந்தையரின் தொழுகைக் கூடத்தை விட்டு வெளியேறியதே தம் விடுதலை என்று கருதியவர்கள். மறுபுறத்தில், சமயப் பற்றாளர் பலர் இப்புதிய வாழ்வை ஐயத்தோடு நோக்கினர். ஏர் பிடித்தவன் நூலை விடுவான் என்பது அவர்தம் அச்சம்.

இவ்விருவர்க்கும் இடையே ஒரு சிறு கூட்டத்தார் மூன்றாம் வழி ஒன்றைத் தேடினர். போலந்து நாட்டைச் சேர்ந்த ஷ்முவேல் ஹாயிம் லாண்டாவ் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். 1928இல் இளவயதிலேயே மறைந்த அவர், 'தோராவும் உழைப்பும்' என்னும் கொள்கைக்கு உருக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர். உழைப்பு சமயத்திற்குப் புறம்பானதன்று. சமயத்தை முழுமையாக வாழ்வதற்கே உழைப்பு வேண்டும் என்பது அவர் கருத்து. தம் தலைமுறையின் செயலை அவர் 'புனிதக் கிளர்ச்சி' என்று அழைத்தார். சமயத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியன்று அது. சமயத்தின் பெயராலேயே தேக்கத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி. இக்கொள்கை வழி நின்ற குழுக்கள் 1935இல் ஒன்றிணைந்து சமயக் கிப்புட்ஸ் கூட்டமைப்பாக உருப்பெற்றன.

பெற்றோரற்ற தலைமுறை

1933ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் இட்லர் செருமனியின் ஆட்சியைக் கைக்கொண்டார். அதே நாளில் பெர்லின் நகரில் ரேகா ஃப்ரையர் என்னும் பெண்மணி 'இளைஞர் குடியேற்றம்' என்னும் அமைப்பைப் பதிவு செய்தார். யூத இளைஞர்களைப் பெற்றோரின்றித் தனியே பாலஸ்தீனத்திற்கு அனுப்பி, அங்கே உழவுப் பயிற்சி தந்து வாழவைப்பது அதன் நோக்கம். போர் மூளுமுன் ஏறத்தாழ 5,000 இளைஞர்கள் இவ்வழியே கரைசேர்ந்தனர். பெரும்பாலோர் பதினைந்து பதினாறு வயதினர். நகரத்துப் பள்ளியில் பயின்றவர்கள், மண்வெட்டியைத் தொட்டறியாதவர்கள்.

இவர்களுள் சமய ஒழுக்கத்தில் வளர்ந்தோர் சிலர், பெட்டா திக்வா நகரின் அருகிலிருந்த ரோட்கெஸ் என்னும் கூட்டுப் பண்ணையில் பயிற்சி பெற்றனர். அப்பண்ணையின் பெயர்கூடச் செருமனியில் ஃபுல்டா நகரின் அருகிலிருந்த பயிற்சிப் பண்ணையின் பெயரே. அங்குப் பயின்ற இளைஞர்களே பின்னர் ஸ்தே எலியாகுவை அமைத்தனர். அவர்களுக்கு மூத்தவராயிருந்து வழிகாட்டியோருள் மோஷே உன்னா ஒருவர். 1902இல் மான்ஹைம் நகரில் பிறந்த அவர், சமயக் கிப்புட்ஸ் இயக்கத்தின் சிந்தனையாளராக விளங்கியவர். பின்னாளில் 1949 முதல் 1969 வரை இஸ்ரேல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றியவர்.

இளைஞர் மட்டுமே குடியேறிய ஊர் என்பது எளிதில் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. சமய மரபு நூலால் மட்டும் வாழ்வதில்லை. தாய் விளக்கேற்றும் முறை, தந்தை பாடும் மெட்டு, பாட்டி சமைக்கும் பண்டிகை உணவு ஆகியவற்றால் அது கைமாறுகின்றது. ஸ்தே எலியாகுவில் தாத்தா இல்லை, பாட்டி இல்லை. பண்டிகை நாளில் எந்த மெட்டில் பாடுவது என்று கேட்டால், ஒவ்வோர் இளைஞனும் தன் ஊர் மெட்டைச் சொல்வான். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து ஊரின் மெட்டாக்க வேண்டியவர்களும் அவர்களே. மரபைப் பெற்றுக்கொள்ள வேண்டிய வயதில் மரபை ஆக்கித் தரும் பொறுப்பு அவர்கள்மேல் விழுந்தது.

போர் தொடங்கியபின் பகைநாட்டிலிருந்த உறவினர்க்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே இருபத்தைந்து சொற்களுக்கு மிகாத செய்தி ஒன்றையே அனுப்ப இயலும் என்னும் நிலை வந்தது. இருபத்தைந்து சொற்களில் ஒரு மகன் தாய்க்கு எதைச் சொல்வான், எதை விடுவான்? காலப்போக்கில் அந்தச் செய்திகளும் நின்றன. நாசிப் பேரழிப்பில் இறந்தோர் பலருக்கு இறந்த நாளும் தெரியாது. புதைத்த இடமும் தெரியாது. அத்தகையோர்க்கென எபிரேய ஆண்டின் தெபேத் மாதம் 10ஆம் நாளை இறந்தோர் வழிபாட்டு நாளாக இஸ்ரேலின் தலைமை ரபிகள் அவை பின்னர் வகுத்தது. திதி அறியாதாரின் திதி அது. முதியோர் இல்லாத ஊர்களில் அந்நாளின் பொருள் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒரே நாளில் எழுந்த ஊர்

1936 முதல் 1939 வரை பாலஸ்தீனத்தில் ஆங்கில ஆட்சியையும் யூதக் குடியேற்றத்தையும் எதிர்த்து அரபு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்காலத்தில் யூதர் மேற்கொண்ட குடியேற்ற முறை 'மதிலும் கோபுரமும்' எனப்பட்டது. முன்கூட்டியே செய்து வைத்த பலகைகளை விடியற்காலையில் வண்டிகளில் கொண்டுவந்து, இரு பலகைகளுக்கிடையே சரளைக்கல் நிரப்பி மதில் எழுப்பி, நடுவே விளக்குப் பொருத்திய காவற்கோபுரம் நிறுத்தி, பொழுது சாய்வதற்குள் ஊரை அமைத்துவிடுவர். அவ்வாண்டுகளில் இம்முறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் எழுந்தன. சமயக் கிப்புட்ஸ்களுள் முதலாவதாகிய திராத் ஸ்வி 1937இல் இப்படி அமைந்ததே. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரவு அது தாக்குதலுக்கும் உள்ளாயிற்று.

ஸ்தே எலியாகு 1939ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் அமைந்தது. ஒன்பது நாள்கள் கழித்து, மே 17இல், ஆங்கில அரசு தன் வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்க்கு மேல் நாட்டினுள் நுழையலாகாது என வரம்பிட்டது அது. செப்டம்பர் முதல் நாளில் போலந்தின்மீது செருமானியப் படை பாய்ந்தது. ஊர் பிறந்த நான்கு மாதங்களுக்குள், அவ்வூராரின் பெற்றோர் வந்து சேர்வதற்கான வழி ஏறத்தாழ அடைபட்டது.

ஊர்ப்பெயர் ரபி எலியாகு குட்மாகரை நினைவூட்டுவது. 1796இல் பிறந்து 1874இல் மறைந்த அவர், போசன் நாட்டின் சிற்றூர் ஒன்றில் ரபியாக இருந்தவர். நோயும் வறுமையும் குழந்தையின்மையும் பற்றி எளியோர் எழுதித் தந்த ஆயிரக்கணக்கான விண்ணப்பச் சீட்டுகள் அவரிடம் வந்து குவிந்தன. அவை இன்றும் ஆவணமாகப் பேணப்படுகின்றன. திராத் ஸ்வி நினைவூட்டும் ரபி ஸ்வி கிர்ஷ் காலிஷர், குட்மாகரின் உடன்காலத்தவர். அதே 1874இல் மறைந்தவர். பாலஸ்தீன நிலத்தில் யூதர் உழுது வாழவேண்டும் என்று இயக்கங்கள் தோன்றுமுன்னரே ஒருங்கே வற்புறுத்திய இருவரின் பெயர்களும் இன்று பக்கத்துப் பக்கத்து வயல்களாக நிற்கின்றன.

நிலமோ இனிதன்று. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 200 மீட்டர் கீழே கிடக்கும் பள்ளம் அது. மழை குறைவு, ஊற்றுகள் உண்டெனினும் நீரில் உப்பு மிகுதி. பக்கத்து ஊராகிய திராத் ஸ்வியில் 1942ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் 54 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானதாகக் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வளவீட்டை ஐயுறும் வானிலை அறிஞரும் உண்டு. அன்றைய வெயிலில் வயலில் நின்றவர்க்கு அந்த ஐயம் எழுந்திருக்காது.

நூலும் மாடும்

வாரத்தின் ஏழாம் நாள் ஓய்வுநாள். அன்று தீ மூட்டலாகாது, அறுக்கலாகாது, பால் கறக்கவும் ஆகாது. நகரத்து வணிகன் கடையை அடைத்துவிட்டு ஓய்வுநாளைப் போற்றலாம். உழவன் என் செய்வான்? மாட்டுக்கு ஓய்வுநாள் தெரியாது. கறவாத பசுவின் மடி கனத்து வலிக்கும்; அப்படியே விட்டால் நோயாகும். விலங்கினைத் துன்புறுத்தலாகாது என்பதும் அதே நூலின் சட்டம். நூலின் ஒரு கட்டளை மற்றொரு கட்டளையோடு தொழுவத்தில் வந்து மோதியது.

பழைய வழி ஒன்று இருந்தது. யூதரல்லாத ஒருவரை அழைத்துக் கறக்கச் செய்வது அது. சமயக் கிப்புட்ஸினர் இதனை ஏற்கத் தயங்கினர். தம் கையால் உழைப்பதும், தம் வாழ்வைத் தாமே முழுமையாக நடத்துவதும் அவர்தம் கொள்கை. நம் ஓய்வுநாளைப் பேணப் பிறர் உழைக்கவேண்டுமெனில் நம் சமயம் முழு வாழ்வுக்கு உரியதாகுமா என்பது அவர்கள் எழுப்பிய வினா. எனவே ரபிகளை அணுகினர். பசுவின் துன்பம் நீங்குமாறு, பால் மண்ணில் வீணே ஒழுகும்படி கறக்கலாம் என்னும் விடை கிடைத்தது. அவர்கள் அவ்வாறே செய்தனர். வறுமையான ஊர், பால் அரும்பொருள். எனினும் வாரந்தோறும் ஒருநாட் பால் மண்ணுக்குச் சென்றது. சமயப்பற்று என்பது பேச்சன்று என்பதற்கு அந்த நனைந்த மண்ணினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர்க் கறவைப்பொறிகள் வந்தன. மின்சாரம் ஓடாத நேரத்தில் பொறியின் குவளைகளை மடியில் பொருத்திவிட்டு, முன்பே முடுக்கி வைத்த கடிகாரம் தானே மின்சாரத்தைத் திறந்துவிடும்படி அமைத்தால் குற்றமில்லை என்னும் வழி தெளிவாயிற்று. 'ஹாசோன் ஈஷ்' என்று போற்றப்பெற்ற ரபி அவ்ராகாம் கரேலிட்ஸ் போன்ற பெருஞ்சட்ட அறிஞர்கள் இவ்வாய்வில் பங்கு கொண்டனர். நூலின் எழுத்தும் மாறவில்லை; பாலும் வீணாகவில்லை. இடையே மாறியது மனிதர்கள் கேட்ட வினாவே. வினாவைத் தொழுவத்திலிருந்து கொண்டுவந்தவர்கள் இவ்விளைஞர்கள் என்பது நோக்கத்தக்கது.

இவைபோன்று வேறு பல சட்டங்களும் உண்டு. நட்ட மரத்தின் முதல் மூன்றாண்டுக் கனியை உண்ணலாகாது. திராட்சைக் கொடியோடு தானியத்தைக் கலந்து விதைக்கலாகாது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். வயலின் ஓரத்தை எளியோர்க்கென அறுக்காது விடவேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் மட்டும் படித்துவந்த இவை ஒவ்வொன்றும் வேலைப்பங்கீட்டுப் பட்டியலில் ஒரு வரியாயின.

ஏழாம் ஆண்டும் கல்லெழுத்தும்

யாவற்றினும் கடினமான சட்டம் ஏழாம் ஆண்டினது. ஆறாண்டு உழுதபின் ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு தரவேண்டும், விதைக்கலாகாது, தானே விளைந்தது அனைவர்க்கும் பொது. இதனை 'ஷ்மிட்டா', அதாவது விடுவிப்பு என்பர். நிலம் மனிதனுடையதன்று, இறைவனுடையது என்னும் கருத்தே இதன் உயிர்.

கடன்பட்டு வாழும் புதுக்குடியேறிகள் ஓராண்டு முழுதும் வயலைத் தரிசாக விட இயலுமா? 1889ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி வகுக்கப்பட்டது. நிலத்தை அவ்வாண்டுக்கு யூதரல்லாத ஒருவர்க்கு முறைப்படி விற்றுவிட்டு உழலாம் என்பது அது. 1909–10ஆம் ஆண்டில் ரபி ஆபிரகாம் கூக் இவ்வழியை ஆய்ந்து ஆதரித்தார். ஹாசோன் ஈஷ் இதனை உறுதியாக மறுத்தார். சமயக் கிப்புட்ஸ் கூட்டமைப்பு விற்பனை வழியை ஏற்றது. வேறு ஓர் இயக்கத்தைச் சார்ந்த ஹாபெட்ஸ் ஹாயிம் என்னும் கிப்புட்ஸ் அதனை ஏற்காமல், ஏழாம் ஆண்டுக்கென மண்ணில்லா வேளாண்மையை முயன்று வளர்த்தது. இருசாராரும் நேர்மையாளரே. எனினும் ஒரு முரண் விளங்காமற் போவதில்லை. நிலத்தை மீட்க வந்தோம் என்று சொன்னவர்கள், ஏழாண்டுக்கு ஒருமுறை அந்நிலத்தை ஏட்டளவிலேனும் விற்க வேண்டியவர்களாயினர்.

இந்நிலையில் மண்ணே ஒரு சாட்சியை வெளிப்படுத்தியது. ஸ்தே எலியாகுவின் பக்கத்துக் கிப்புட்ஸாகிய ஏன் ஹநட்ஸிவின் வயலைச் சீரமைக்கையில் பழங்காலக் கட்டடம் ஒன்றின் தடயங்கள் வெளிப்பட்டன. 1970களில் ஃபானி விட்டோ என்னும் தொல்லியலார் நடத்திய அகழாய்வில் அது ரெகோபு என்னும் தொல்லூரின் தொழுகைக்கூடம் எனத் தெளிவாயிற்று. அதன் தரையில் வண்ணக் கற்களைப் பதித்து எழுதிய 29 வரி எழுத்து இருந்தது. கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்ததாகக் கருதப்படும் அவ்வெழுத்தின் பொருள் மன்னர் புகழன்று, கொடையாளர் பட்டியலன்று. ஏழாம் ஆண்டில் பெத்செயான் வட்டாரத்தில் எவ்விளைபொருள் விலக்கு, எங்கெங்கே சட்டம் செல்லும், எல்லை எதுவரை என்பதே அதன் பொருள். வெள்ளரி, எள், கடுகு, அரிசி, சீரகம், பூண்டு, வெங்காயம், பேரீச்சை என அது பெயர் சொல்லிச் செல்கின்றது. ஏறத்தாழ கி.பி. 200இல் வாழ்ந்த ரபி யூதா, பெத்செயானைச் சில கடமைகளிலிருந்து விடுவித்தார் என்பது மரபு. இறையிலி நிலத்தின் எல்லையைக் குறிப்பதுபோல இக்கல்லெழுத்து அவ்விலக்கின் எல்லையைக் குறிக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் செருமனியிலிருந்து வந்த இளைஞர்கள் தம்மை முன்னோடி இல்லாதவர்கள் என்று எண்ணினர். ஆனால் அவர்தம் வயல்களின் அடியிலேயே, அதே வினாவைக் கேட்டு அதே பயிர்களை எண்ணிப் பார்த்த உழவர் ஊர் ஒன்று புதைந்து கிடந்தது. தாத்தா இல்லாத ஊருக்கு மண் ஒரு தாத்தாவைத் தந்தது எனலாம்.

உடைமையற்றவரின் உடைமை

தனியுடைமை இல்லாத வாழ்வும் சமயச் சட்டத்தோடு உரசும் இடங்கள் பல. கூடாரப் பண்டிகையின் முதல் நாளில் பேரீச்சங்குருத்தும் நாரத்தை இனக் கனியும் கையிலேந்தி வழிபட வேண்டும். அவை ஏந்துபவனின் சொந்தப் பொருளாக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். எல்லாம் பொதுவாகிய ஊரில் எது யாருக்குச் சொந்தம்? திருப்பித் தருவேன் என்னும் நிபந்தனையோடு கொடையாகப் பெறலாம் என்னும் பழைய தல்மூது விதி இங்கே கைகொடுத்தது. ஒரே குருத்து ஒருவரிடமிருந்து ஒருவர்க்குக் கொடையாகச் செல்லும்; வாங்கிய கணத்தில் அது அவருடையது; வணங்கி முடித்ததும் அடுத்தவருடையது. உடைமை என்பது என்ன என்பதற்கு இதனினும் அழகிய விளக்கத்தை மெய்யியல் நூலிற் காண்பது அரிது.

ஊரின் முடிவுகளைப் பொதுச்சபையே மேற்கொண்டது. சமயக் கிப்புட்ஸ்கள் பலவற்றில் நெடுங்காலம் தனியே ரபி ஒருவர் அமர்த்தப்படவில்லை. உறுப்பினரே நூல் கற்று, ஆராய்ந்து, வேண்டுமிடத்து வெளியிலுள்ள அறிஞரைக் கேட்டு ஒழுகினர். பொதுச்சபையில் பெண்களுக்கும் ஆண்களோடு ஒத்த வாக்குரிமை இருந்தது. 1919–20ஆம் ஆண்டுகளில் பெண்கள் வாக்களிப்பதை ரபி கூக் எதிர்த்தார் என்பதை நினைவிற்கொண்டால், தாம் பெரிதும் மதித்த ஆசானையும் இவ்வியக்கத்தார் எவ்விடத்தில் பின்பற்றவில்லை என்பது விளங்கும். ஆயினும் தொழுகைக்கூடத்தில் பெண்கள் தனியே அமரும் மரபு தொடர்ந்தது. வயலிலும் சபையிலும் கிட்டிய சமன்மை வழிபாட்டில் எதுவரை செல்லும் என்பது அவ்வியக்கத்தின் பெண்கள் தொடர்ந்து எழுப்பிவரும் வினா. ஏன் ஹநட்ஸிவில் 1986இல் பெண்களுக்கென உயர்நிலை மறைநூற் கல்விக்கூடம் தோன்றியது இவ்வினாவின் ஒரு விளைவே.

அண்டை

இவ்வளவு நுட்பமாகச் சட்டத்தைப் பேணிய ஊரின் வரலாற்றில் விடை காணாத பக்கம் ஒன்று உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது.

ஸ்தே எலியாகுவுக்கு வடக்கே, சில கல் தொலைவில் பைசான் நகரம் இருந்தது. பெத்செயான் என்னும் தொன்மையான பெயரின் அரபு வடிவம் அது. 1945ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு 5,180 அரபு மக்கள் வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் யூதப் படையிடம் அந்நகரம் வீழ்ந்தது. மக்களுள் பலர் முன்னரே ஓடினர்; எஞ்சியோரும் அடுத்த நாள்களில் யோர்தானுக்கு அப்பாலும் நாசரேத்துக்கும் அனுப்பப்பட்டனர். அவர்கள் திரும்பி வர இயலவில்லை. பின்னர் அங்கு யூதக் குடியேறிகள் வந்து வாழத் தொடங்கினர்.

அதே ஆண்டில் சமயக் கிப்புட்ஸ் இயக்கமும் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. எருசலேமுக்குத் தெற்கே இருந்த க்பார் எட்ஸியோன் மே 13இல் வீழ்ந்தபோது அதனைக் காத்து நின்றோருள் மிகப் பலர் கொல்லப்பட்டனர். இழப்பின் துயர் இருபுறமும் இருந்தது. ஒருபுறத்தார் துயரைச் சொல்வது மறுபுறத்தார் துயரை மறுப்பதாகாது.

நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் தங்கிச் செல்வோரே என்பது ஏழாம் ஆண்டுச் சட்டத்தின் உட்பொருள். குருத்தின் உடைமையை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த மரபு, வெறுமையான நகரத்தின் உடைமையைக் குறித்து என்ன சொல்லும்? தொழுவத்து வினாவுக்கு விடை தேடியதுபோல இவ்வினாவுக்கும் விடை தேட வேண்டும் என்று உரைத்தோர் அச்சமயத்தாரிடையே உண்டு. தேவையில்லை என்று உரைத்தோரும் உண்டு. விடை இன்னும் எழுதப்படவில்லை.

உப்பு மண்ணும் கூகையும்

1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1968 முதல் 1970 வரை யோர்தானின் கீழ்க்கரையிலிருந்து இப்பள்ளத்தாக்கின் ஊர்கள்மீது குண்டுகள் விழுந்தன. குழந்தைகள் பதுங்கறைகளில் உறங்கினர். இந்நிலையிலும் உப்பு மண் மெல்ல மெல்லப் பண்பட்டது. உப்பைத் தாங்கும் பேரீச்சை தோப்பாயிற்று. பள்ளத்தாக்கெங்கும் உவர்நீரில் மீன் குளங்கள் தோன்றின. கோதுமை, திராட்சை, காய்கறி, நறுமணப் பயிர்கள் விளைந்தன.

1970களில் மாரியோ லேவி என்னும் உறுப்பினர் நஞ்சும் செயற்கை உரமும் இல்லாத இயற்கை வேளாண்மையை இங்குத் தொடங்கினார். இஸ்ரேலில் இத்துறையின் முன்னோடியாக அவர் மதிக்கப்படுகின்றார். தொடக்கத்தில் அவரை ஏளனத்தோடு நோக்கியோர் பலர். ஆனால் நிலத்தை ஆள்பவனாக அன்றிக் காப்பவனாக மனிதன் இருக்கவேண்டும் என்னும் அவர் கருத்து, ஏழாம் ஆண்டுச் சட்டத்தின் இயல்பான விரிவே எனலாம். 1980களில் இவ்வூர் பயிர்ப்பகையைக் கொல்லும் நன்மை செய் பூச்சிகளை வளர்க்கத் தொடங்கியது. இலையை உறிஞ்சும் செஞ்சிலந்தியைத் தின்னும் மற்றொரு சிறு சிலந்தியினம் அவற்றுள் முதன்மையானது. கண்ணாடிக் குடில்களில் தக்காளிப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் பெருவண்டினத் தேனீக்களும் வளர்க்கப்பட்டன. இதில் வியப்பொன்று உண்டு. அருகிலுள்ள ரெகோபு மேட்டில் 2007இல் நிகழ்ந்த அகழாய்வில், ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தேன்கூட்டு அடுக்குகள் வெளிப்பட்டன. களிமண்ணாலான குழாய்களில் தேனீ வளர்த்த தோட்டம் அது.

எலிகளை ஒழிக்க நஞ்சு வைத்தபோது அவ்வெலிகளைத் தின்ற பறவைகளும் மடிந்தன. இதற்கு மாற்றாக 1983இல் இவ்வூர் வயல்களில் கூகைகளுக்கென மரப்பெட்டிகள் வைக்கப்பட்டன. பறவையியலார் யோசி லெஷெம் இம்முயற்சியில் பங்கு கொண்டார். ஓரிணைக் கூகை ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைப் பிடிக்கும். வெற்றி கண்ட இம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது.

கூகைக்கு எல்லை தெரியாது. பெட்டியில் பொரித்த குஞ்சு ஆற்றைக் கடந்து அக்கரை வயலில் இரை தேடும். அங்கு நஞ்சுண்ட எலியைத் தின்றால் இறக்கும். இஸ்ரேலுக்கும் யோர்தானுக்கும் 1994இல் அமைதி உடன்பாடு ஏற்பட்டபின், இரண்டாயிரமாவது ஆண்டையடுத்து யோர்தான் உழவரும் பாலஸ்தீன உழவரும் இம்முயற்சியில் இணைந்தனர். கூகையைக் கேட்டின் அறிகுறியாகக் கருதும் வழக்கம் நம்மவரிடையே உள்ளதுபோல் அரபு உழவரிடையேயும் உண்டு. அவ்வச்சத்தை நீக்க, ஒருகாலத்தில் எதிரெதிர்ப் படையிலிருந்தோர் ஒருங்கு அமர்ந்து பேசினர். யோர்தான் படையின் ஓய்வுபெற்ற தளபதி மன்சூர் அபு ரஷீத் அவர்களுள் ஒருவர். மாந்தர் ஒப்பந்தம் எழுதித் தீராத எல்லையில், ஒரு பறவையின் பொருட்டுச் சிறு ஒப்புரவு விளைந்தது. அது பைசானின் வினாவுக்கு விடையன்று. எனினும் அக்கரை வயலும் தன் வயலோடு சேர்ந்ததே என்பதை அக்கூகை உணர்த்தியது.

நிறைவாக

1985ஆம் ஆண்டையொட்டி எழுந்த பொருளாதார நெருக்கடியில் இஸ்ரேலின் கிப்புட்ஸ்கள் கடனில் மூழ்கின. பின்வந்த ஆண்டுகளில் பெரும்பாலானவை தனிச்சம்பள முறைக்கு மாறின. 2005இல் அரசே கிப்புட்ஸ்களைக் 'கூட்டுமுறைக் கிப்புட்ஸ்', 'புதுமுறைக் கிப்புட்ஸ்' எனப் பிரித்து வகுத்தது. சமயக் கிப்புட்ஸ்களிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. எனினும் அவற்றுள் சில பழைய கூட்டுமுறையைக் கைவிடாது தொடர்ந்தன. நாள்தோறும் கூடி வழிபட வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் கூடி உண்பதையும் எளிதில் விடுவதில்லை என்று ஆய்வாளர் சிலர் இதற்குக் காரணம் காட்டுவர்.

ஸ்தே எலியாகுவின் கதை வெற்றிக்கதை என்றோ வீழ்ச்சிக்கதை என்றோ ஒரு சொல்லில் அடங்குவதன்று. முதியோர் இல்லாது தொடங்கிய ஊரில் இன்று முதியோர் உளர். பேரர்கள் அவர்களிடம் மெட்டுக் கேட்கின்றனர். அந்த மெட்டு எந்தச் செருமானியச் சிற்றூரினின்று வந்தது என்பதை அறிந்தோர் குறைந்து வருகின்றனர். பழைய சட்டம் தொழுவத்திலும் தோப்பிலும் கேட்ட வினாக்களுக்கு உழைப்பே விடை தந்தது. மண்ணில் ஒழுகிய பாலும், கைமாறிச் சென்ற குருத்தும், தரையில் பதித்த கல்லெழுத்தும், ஆற்றைக் கடக்கும் கூகையும் ஒன்றையே சொல்கின்றன: பணியும் பணிதலும் ஒரு சொல்லின் இரு பொருள் மட்டுமல்ல, ஒன்று தவறும் இடத்தில் மற்றொன்றும் தவறும்.

வயலின் ஓரத்தை அறுக்காது விடவேண்டும் என்பது அச்சமயத்தின் பழைய விதி. அந்த ஓரம் எளியோர்க்கும் அயலார்க்கும் உரியது. ஓர் ஊரின் பணி எவ்வளவு நிறைவானது என்பதை அளக்க, அவ்வூரார் அறுத்த கதிரோடு அவர்கள் விட்டுவைத்த ஓரத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும்.